பாதி அடுக்கிய பட்டியல்

கணினிக்குள்ளே 'சி' என்ற நிரல்மொழியில் எழுதிய பழைய நூலகத்தில் பெயர்களை அகரவரிசையில் அடுக்கித் தரும் நிரல் ஒன்று இருந்தது. அதன் பெயர் அடுக்கி. செய்யாத தப்புக்கு அதன் தலையில் பழி விழுந்தது.

பக்கத்து மாளிகையில் ஒரு புதுச் செயலி குடியிருந்தது. அங்கே யாரும் தன் குப்பையைத் தானே எடுப்பதில்லை. துடைப்பம் ஒன்று சுற்றி வந்து, யார் கையிலும் இல்லாததையெல்லாம் வாரிக்கொண்டு போகும்.

ஒருநாள் செயலி வந்து, தன் மாளிகையில் பெயர்ப் பட்டியல் இருந்த அலமாரியின் எண்ணை மட்டும் சொல்லி, "சீக்கிரம் அடுக்குங்கக்கா" என்றுவிட்டு, பட்டியலிலிருந்து கையை எடுத்துக்கொண்டு தன் போக்கில் போனது. அடுக்கி பாதி வேலையில் கை நீட்டியபோது அலமாரியே காலி! மாளிகை முழுக்க ஸ்தம்பித்தது.

"கிழட்டு நிரலுக்குக் கண்ணு தெரியல! இதைத் தூக்கிட்டுப் புதுசு வைக்கச் சொல்றேன்" என்று செயலி ஊருக்கே கேட்கக் கத்தியது.

அடுக்கி அழவில்லை. நேரே துடைப்பத்திடம் போய், "பட்டியலை எடுத்தது நீயா?" என்றது.

"ஆமாக்கா. வீட்டுல யார் கையிலயும் இல்ல. வெளியே உங்ககிட்ட வேலை நடக்குதுன்னு எனக்கு யார் சொன்னா?"

மறுநாள் செயலி அடுத்த அலமாரி எண்ணோடு வந்து குழைந்தது. "நடந்தது நடந்துபோச்சு, அடுக்குங்கக்கா."

"அடுக்கறேன். முதல்ல, நான் முடிக்கிற வரைக்கும் இதைத் தொடக்கூடாதுன்னு துடைப்பத்துகிட்ட சொல்லிட்டு வா. நேத்து கத்தினியே, அதே சத்தத்துல 'தப்பு என்னோடது'ன்னும் சொல்லிட்டு வா."