பெட்டியின் வாய்

நான்காய் மடித்த தாளைப் பெட்டியின் வாயில் வைத்துத் தள்ளினேன். இரண்டாவது முறைதான் உள்ளே போனது.

பயமில்லை. கோபம்தான்.

உப்பள ஆபீஸ் சுவரில் மாட்டிய புகார்ப்பெட்டி அது. விரல் நுழையாத வாய். சாவி, பெண்கள் புகாரை விசாரிக்கும் கமிட்டி அம்மாவிடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து திறப்பார். இன்று பத்து மணிக்கு வருகிறார்.

போன மாதம் மெர்லின் போட்டாள். உப்பு வாரக் குனியும்போது மேஸ்திரி ராஜ்கமலின் கை எங்கெல்லாம் வருகிறது என்று எழுதி, தன் பேரும் போட்டிருந்தாள். பெட்டிக்கு மேலே மாட்டிய கேமராவில் அவளைப் பார்த்த மேஸ்திரி, அன்று சாயந்திரமே ஒரு கம்பியை வளைத்து, போட்ட வழியாகவே கடிதத்தை இழுத்துவிட்டான். ஆபீஸ் பெருக்கும் சாலம்மாள் அதைக் கண்ணால் பார்த்தாள். மறுநாள் மெர்லினுக்கு வேலை இல்லை.

அதனால் இன்று பாத்தியில் யாரும் இறங்கவில்லை.

மெர்லினையும் சேர்த்து முப்பத்தாறு பேர், ஆளுக்கொரு தாளுடன் வரிசையில் நின்றோம். எதில் எழுத்து, எது வெற்றுத்தாள் என்று எங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளக்கூடாது என்று பேச்சு. கேமரா நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும். முப்பத்தாறு பேரையும் வேலையைவிட்டு நிறுத்திவிட்டு உப்பை அவனே வாரட்டும்.

மேஸ்திரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கோயில் உண்டியல் என்று நினைத்துவிட்டீர்களா என்று கேட்டுச் சிரித்தான். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது.

கடைசியாக, முப்பத்தேழாவதாக, ஒருத்தி வந்து நின்றாள். உப்பளத்தில் வேலை செய்கிறவள் இல்லை. எங்களுக்கு அவளைத் தெரியும்.  மேஸ்திரியின் சிரிப்பு நின்றது.

அவள் மட்டும் தாளை மடிக்கவில்லை. அப்படியே செருகினாள். ஒரு முனைதான் உள்ளே போனது. மிச்சம் வெளியே, எல்லோரும் படிக்கிற மாதிரி நின்றது.

மேஸ்திரி எழுந்து வந்து கையை நீட்டினான்.

"இதையும் கம்பி வுட்டு இழு, பாக்கலாம்" என்றாள்.

வாசலில் கமிட்டி அம்மாவின் ஜீப் வந்து நின்றது. அவன் கை அப்படியே கீழே இறங்கியது.

கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்:

மெர்லின் எழுதிய கடிதம் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. வந்தால் எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு, மங்கம்மா. மேஸ்திரி ராஜ்கமலின் மனைவி.