தனிக்கு எழாதவர்

பாடகர் தலையசைத்ததும் மிருதங்கம் கோதண்டபாணிக்குத் தனி ஆவர்த்தனம். சபாவே எழுந்து கேன்டீனுக்கு நடந்தது.

“பாணி, கொஞ்சம் நீட்டி வாசியும். போண்டா இப்பத்தான் எண்ணெயில விழுந்திருக்கு” என்று மேடையோரமாக வந்து கிசுகிசுத்தார் செயலாளர்.

பல வருஷமாகக் கோதண்டபாணியின் தனிக்குப் போண்டாதான் நீளம் சொல்கிறது. இன்று மூன்றாம் வரிசையில் ஒருவர் மட்டும் எழவில்லை. கோதண்டபாணி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகுதான் குறட்டை கேட்டது.

பரவாயில்லை, ஆள் இருக்கிறார். விழித்தால் அவரும் போய்விடுவார் என்று விரல்நுனியால் வாசித்தார். தனியை முடிக்க மூன்று முறை வாசிக்கவேண்டிய கோர்வை, இரண்டு முறை என்றுமில்லாத அழகில் வந்து விழுந்தது.

செயலாளர் வந்து, தூங்குகிறவரின் தோளை உலுக்கினார்.

“மாமா, எழுந்திருங்கோ. போண்டா ஆறிடும்.”

அவர் கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார்.

கோர்வை இன்னும் ஒரு முறை பாக்கி இருந்தது.