எட்டாத கால்விரல்

"விரல் எட்டலன்னு பொய் சொல்லாத ஏட்டி. இப்பதான வாசல்ல பார்த்தேன்."

"எதைப் பார்த்தீங்க?"

"செருப்பு வாரைக் கழட்டுனியே. முட்டி மடங்கவே இல்ல. சின்னப் பிள்ள மாதிரி குனிஞ்ச" என்றாள் மெஹருன்னிசா அக்கா.

அவள் பாயில் உட்கார்ந்து கால்களை நீட்டினாள்.

எதிரே அக்காவும் உட்கார்ந்து கால்களை நீட்டினாள். உள்ளங்காலோடு உள்ளங்கால் பொருந்தியது. சமுதாயக் கூடத்துக்குள் வெயில் இன்னும் வரவில்லை. தரை குளிர்ந்து கிடந்தது. பாதங்கள் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தன.

அக்கா கைகளை நீட்டினாள்.

அவள் பற்றிக்கொண்டாள்.

அக்கா பின்னால் சாய்வாள். அவள் முன்னால் வர வேண்டும், தொடையின் பின்பக்கம் விண்ணென்று தெறிக்கும்வரை. பிறகு மூச்சை விட்டபடி அப்படியே இருக்க வேண்டும். காலையில் உடற்பயிற்சிக்கு வரும் பெண்கள் இதற்குப் படகு என்று பெயர் வைத்திருந்தார்கள். இழுத்து முடிந்ததும் கைகளை விட்டுவிட்டு, கால் கட்டைவிரலைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

தொட்டுவிட்டால் அதன் பிறகு படகு கிடையாது.

பயிற்சி தரும் பெனிட்டா தொட்டவளை ஜன்னலோர வரிசைக்கு மாற்றிவிடுவாள். அங்கே ஆளுக்கொரு துண்டு. துண்டைப் பாதத்தில் மாட்டி, தன்னைத் தானே இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த வரிசைக்குப் போகிறவர்களுக்குக் கைதட்டல் உண்டு. போன வாரம் ஒருத்தி எல்லாருக்கும் லட்டு கொடுத்துவிட்டுப் போனாள்.

அவளுக்கு அந்த வரிசை வேண்டாம்.

தினமும் கட்டைவிரலுக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடுவாள்.

"சர்க்கரை வர்ற மாதிரி இருக்கு, உடம்பை அசைங்க" என்று டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி சொன்னதால்தான் இங்கே வந்தாள். இப்போது மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறாள். படுத்தால் தூக்கம் வருகிறது. இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை.

ஆனால் முதல் நாள் மெஹருன்னிசா அக்கா அவள் கைகளைப் பற்றியபோது கண் நிறைந்துவிட்டது.

"வலிக்குதா?" என்று கேட்டாள் பெனிட்டா.

வலிக்கிறது என்று தலையாட்டினாள்.

கணவர் இறந்த பிறகு யாரும் அவளைத் தொடவில்லை. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. அப்படி ஆகிவிட்டது. டொராண்டோவிலிருந்து மகள் செல்போன் திரையில் முத்தம் கொடுக்கிறாள். மருந்துக் கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது ஒரு விரல் படும். இப்போதெல்லாம் செல்போனைக் காட்டினால் முடிந்துவிடுகிறது. எப்போதாவது பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்து தூங்குகிறவளின் தோள் சாயும். அந்தப் பெண் இறங்கும் இடம் வராமல் இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வாள்.

மெஹருன்னிசா அக்காவுடையது தடித்த கை. மருதாணி மங்கி, நகங்கள் மட்டும் சிவந்திருக்கும். பிடித்தால் பிடித்ததுதான்.

"இத்தனை மாசமா இழுக்கேன்" என்றாள் அக்கா, எல்லாருக்கும் கேட்கும்படி. "தேரா இருந்தா இந்நேரம் நாலு ரத வீதியும் சுத்தி நிலைக்கு வந்திருக்கும்."

பக்கத்துப் பாய்களில் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அக்கா சாய்ந்தாள்.

அவள் வந்தாள். தொடை இளகிக் கொடுத்தது. முதுகு தானாக நீண்டது. உடம்பு இன்னும் போகலாம் என்றது. வயிற்றை எக்கி, தோள்களைப் பின்னால் இழுத்து, அதை நிறுத்தினாள்.

எட்டாமல் இருப்பதற்குத்தான் இப்போது பலம் வேண்டியிருந்தது.

வீட்டில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில், கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நெற்றியை முழங்காலில் வைக்க அவளால் முடியும். வைத்துப் பார்த்திருக்கிறாள்.

தன் காலைத் தானே பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருப்பது?

"எதுக்குட்டி ஒளிக்க?" அக்காவின் குரல் இப்போது தணிந்திருந்தது. "எல்லாரும் எட்டணும்னுதான வாராக."

அவள் மூச்சை மட்டும் விட்டாள்.

சுவரோரம் புதிதாக ஒருத்தி நின்றிருந்தாள். முட்டிவலிக்காரி. இன்னும் ஜோடி கிடைக்கவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக, பாய் பாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகங்களை அல்ல. பிணைந்திருந்த கைகளை.

அக்காவின் கைகளைப் பிடித்தபடி அவள் கண்களைத் திருப்பிக்கொண்டாள்.

பெனிட்டா அவர்கள் பாயருகே வந்து நின்றாள்.

"மெஹர் அக்கா, போதும். கையை விடுங்க. அவங்களே தொடட்டும்."

மெஹருன்னிசா அக்கா பெனிட்டாவை நிமிர்ந்து பார்த்தாள். சுவரோரம் நின்றவளைப் பார்த்தாள். அப்புறம் தன் கைக்குள் இருந்த கைகளை வெகுநேரம் பார்த்தாள்.

பிடி தளர்ந்தது. முதலில் சுண்டுவிரல். பிறகு அதற்கடுத்த விரல்.

அவள் குனிந்தபடியே இருந்தாள். முகம் யாருக்கும் தெரியவில்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவை இழுங்கக்கா" என்றாள்.