இன்னொரு டம்ளர்

"உங்க பொண்ணு தண்ணியே குடிக்கிறதில்ல. அதைச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தேன்" என்றார் ஜெயபுஷ்பம் டீச்சர்.

எல்லம்மா ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

ஜெயபுஷ்பம் பள்ளியில் பி.டி. டீச்சர். காலையில் வேலூரில் பிள்ளைகளுக்கு நீச்சலும் சொல்லிக்கொடுப்பவர். மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைத்துவிடுவார், யோசிப்பதெல்லாம் அப்புறம்தான். எல்லம்மாவின் மகள் சங்கீதா அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு. அணைக்கட்டில் மாமா வீட்டுக் கிணற்றில் குதித்துக் குதித்தே நீச்சல் கற்றவள். அவள் டியூஷனுக்கும், அவள் அப்பா தோல் கம்பெனிக்கும் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் டீச்சர் ராணிப்பேட்டை பக்கத்தில் இருந்த இந்த வீட்டுக்கு வந்திருந்தார்.

"தண்ணிக்குள்ளயே கெடக்கறோம், நமக்கு எதுக்குத் தண்ணின்னு நினைக்குதுங்க இந்தப் பசங்க. நீந்தும்போதும் வேர்க்கும்மா. வேர்க்கிறது தெரியாது, அவ்ளோதான்."

"சங்கீதாவுக்கும் தெரியாதா டீச்சர்?"

"அவளுக்கா? எல்லாம் தெரியும். எப்பக் குடிக்கணும், எவ்ளோ குடிக்கணும், எளநீ எதுக்கு, வாழைப்பழம் எதுக்குன்னு போன மாசம் ஒரு பரீட்சை வச்சேன். அவ ஒருத்திதான் முழு மார்க். ஆனா குடிக்கிறது நாளைக்கு ரெண்டே டம்ளர். அதையும் அளந்து குடிக்கிறா. மத்ததுங்க தெரியாம குடிக்கல, இவ தெரிஞ்சே குடிக்கல. ஏன்டின்னு கேட்டா சிரிக்கிறா."

எல்லம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இங்க கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சு, லாரித் தண்ணிதான்னு எனக்கும் தெரியும். அதுக்காக இப்படியா? திங்கக்கிழமை பாதிக் குளத்துல கால் இழுத்துக்கிச்சு. மூழ்கிட்டா. நான்தான் குதிச்சு இழுத்துட்டு வந்தேன். வீட்ல சொன்னாளா?"

"இல்ல டீச்சர்."

"ஞாயித்துக்கிழமை செலக்‌ஷன். ஜெயிச்சான்னா ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல சீட்டு. சாப்பாடு, பன்னெண்டாவது வரைக்கும் படிப்பு எல்லாம் அவங்க பொறுப்பு. ஆனா இப்படியே போனா, ஜெயிக்கிறது இருக்கட்டும், உசுரோட கரையேறுவாளான்னே எனக்குப் பயமா இருக்கு."

எல்லம்மா மூலையில் இருந்த தண்ணீர்க் குடத்தைப் பார்த்தாள்.

"எவ்ளோ குடிக்கணும் டீச்சர்?"

"இந்த வெயிலுக்கு மூணு லிட்டராவது வேணும். நீங்க அதட்டிச் சொல்லுங்க."

"அவ பிடிவாதக்காரி. நான் சொன்னா கேக்க மாட்டா. நான் செஞ்சாத்தான் செய்வா."

"அப்ப நீங்களும் குடிங்க. உங்க உதட்டைப் பாருங்க, எப்படிக் காஞ்சு கெடக்கு. அம்மாவைப் பார்த்துதானே பொண்ணு."

சொன்னதோடு நிற்காமல் டீச்சரே எழுந்துபோய்க் குடத்தில் ஒரு டம்ளர் மொண்டு வந்து நீட்டினார். எல்லம்மா அதை வாங்கி, குடிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். வெறும் தண்ணீரை இத்தனை ருசித்து ஒருவர் குடித்து டீச்சர் பார்த்ததில்லை.

"இன்னொரு டம்ளர் குடுங்க டீச்சர்."

கொடுத்தார். அதையும் குடித்தாள்.

"இனிமே அவ குடிப்பா. நீங்க பயப்படாதீங்க. நீங்க வந்ததை மட்டும் அவகிட்ட சொல்ல வேணாம்" என்றாள் எல்லம்மா.

பஸ்ஸில் திரும்பும்போது டீச்சருக்குத் தன் மேலேயே கொஞ்சம் மரியாதை கூடியிருந்தது. ஒரு நடை வந்து நாலு வார்த்தை பேசினால் முடிகிற காரியம், இதற்குப் போய் ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டோமே என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கீதாதான் முதலாவது. போட்டிக்கு முன்னால் ஒரு பாட்டில், பின்னால் ஒரு பாட்டில் என்று தண்ணீரைக் காலி செய்திருந்தாள். ஹாஸ்டல் சீட்டு உறுதி என்று வந்திருந்த அதிகாரியே சொல்லிவிட்டார்.

"எங்க வீட்டாண்ட எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணி அம்மாகிட்ட சொல்லணும் மிஸ்" என்று ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

"பார்க்க வருவாங்கன்னு நினைச்சேனே?"

"வரேன்னுதான் சொல்லுச்சு மிஸ். நேத்துலருந்து மூச்சு வாங்குது. கால், மூஞ்சி எல்லாம் வீங்கியிருக்கு. வெயில் சூடு, ஒண்ணும் இல்லன்னு சொல்லுச்சு. அப்பா கூட இருக்காரு."

"சரி, சரி. இத்தனை நாள் இறங்காத தண்ணி இப்ப மட்டும் எப்படி இறங்குது?" டீச்சர் குறும்பாகக் கேட்டார்.

"இனிமே குடிக்கலாம் மிஸ், அம்மாவுக்குச் சரியாயிடுச்சு."

"அம்மாவுக்கு இன்னா?"

"ரெண்டு கிட்னியும் கெட்டுப்போச்சு மிஸ். நாளைக்கு ரெண்டு டம்ளருக்கு மேல தண்ணி குடிச்சா உசுருக்கு ஆபத்துன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அது தாகம் தாங்காம திருட்டுத்தனமா குடிச்சிடும். அதான், நீ எவ்ளோ குடிக்கிறியோ அவ்ளோதான் நானும்னு அது தலையில அடிச்சு சத்தியம் பண்ணேன். எனக்காக விட்டுடுச்சு. இப்ப நாலு நாளா சொம்பு சொம்பா குடிக்குது மிஸ். நானும் கூடவே குடிக்கிறேன்."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரியாயிடுச்சுன்னு யாரு சொன்னது?"

"புதன்கிழமை நான் டியூஷன் போயிருந்தப்ப, ஒரு டாக்டரம்மா வீட்டுக்கே வந்தாங்களாம் மிஸ்" என்றாள் சங்கீதா சந்தோஷமாக. "இனிமே எவ்ளோ வேணா குடிக்கலாம்னு சொல்லி, அவங்க கையாலயே மொண்டு குடுத்தாங்களாம்."