அரை லிட்டர்

"குழாய் லைன் எல்லாம் வேண்டாம் தம்பி. காலையில நான் ஊத்துத தண்ணி மட்டும்தான் அதுக்குள்ள போகணும். ஒரு சொட்டு கூடுதலாப் போகக் கூடாது" என்றாள் பெருமாயி.

கோவில்பட்டியிலிருந்து வெயிலோடு பைக்கில் வந்திருந்த மெக்கானிக் சோலைராஜ், ஃபிரிட்ஜை இன்னொரு தடவை சுற்றி வந்து பார்த்தான். இடைசெவலில் இப்படி ஒன்றை அவன் எதிர்பார்க்கவில்லை. கதவிலேயே டம்ளரை வைத்து அமுக்கினால் ஐஸ் விழும். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் வாங்கி அனுப்பியதாம். ஆனால் பின்பக்கம் தண்ணீர்க் குழாயை இணைத்தால்தான் ஐஸ் வரும்.

"மாடித் தொட்டியில இருந்து ஒரு டியூப் இழுத்தாப் போதும்க்கா. அரை மணி நேர வேலை. போர்த்தண்ணி உப்புன்னா ஃபில்டர் போட்டுக்கிடலாம்."

"லைன்னா ராத்திரி பகலா ஐஸ் வந்துக்கிட்டே இருக்கும்லா? வேண்டாம்."

"அப்ப இருபது லிட்டர் கேன் ஒண்ணு பக்கத்துல வைப்போம். அதுல சின்ன மோட்டாரை வச்சி டியூபைக் குடுத்துருதேன். பல நாளைக்குக் கவலையே இல்ல."

பெருமாயி அடுப்படிப் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். வரும்போது சேலைத் தலைப்புக்குள் எதையோ மறைத்துக் கொண்டுவந்தாள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்.

"இதுல பண்ணிக் குடுங்க."

சோலைராஜ் சிரித்துவிட்டான். "இது எந்த மூலைக்குக்கா காணும்?"

"இது போதும். சின்னச் சின்னதா விழணும். இன்னைக்கே விழணும். எப்படியாவது ஓட வச்சிருங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சொந்தமாகக் கிணறும் போரும் உள்ள வீடு. அதில் இப்படி ஒரு கருமித்தனம். கை கழுவலாம் என்று வாஷ்பேசின் குழாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. வால்வை அடைத்து வைத்திருக்கிறாளாம். இந்தப் பக்கத்து வீடுகளில் சுவரோரம் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கும். இங்கே ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"ஏட்டி, முடிஞ்சுதா?"

கட்டிலில் படுத்திருந்த அவள் கணவர் வன்னியபெருமாள் மூன்றாவது தடவையாகக் கேட்டார். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. முகம் ஊதி, கால் இரண்டும் வீங்கி, உதடு வெடித்திருந்தது. சோலைராஜுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பட்டப்பகலில் படுக்கை, தினமும் அளவாக ஐஸ். எல்லாம் பிராந்தி பாட்டில் சமாச்சாரம்தான். பெண்டாட்டியே ஐஸுக்கு ஏற்பாடு செய்து கொடுக்கிறாள். கொடுத்து வைத்த மனிதர்!

"அண்ணாச்சிக்கு அவசரம் போல" என்றான் கேலியாக. "ரெண்டு மூணு மணி நேரத்துல விழுந்துரும் அண்ணாச்சி. நீங்களே டம்ளரை வச்சி அமுக்கி எடுத்துக்கிடலாம்."

"நானேவா?"

வன்னியபெருமாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கச் சோலைராஜுக்கு எரிச்சலாக இருந்தது.

பாட்டிலைப் பக்கத்துச் சுவர் அலமாரிக்குள் வைக்கச் சொன்னாள் பெருமாயி. கதவின் ஓரத்தில் சின்னத் துளை போட்டு டியூபை வெளியே எடுத்து ஃபிரிட்ஜில் மாட்டினான். மோட்டார் ஓடியதும் அவள் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நகையைப் பூட்டிப் பார்த்திருக்கிறான். தண்ணீரைப் பூட்டி இன்றுதான் பார்க்கிறான்.

வேலை முடிந்தபோது நாக்கு வறண்டிருந்தது. கொண்டுவந்த பாட்டில் வழியிலேயே தீர்ந்து போயிருந்தது.

"அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

பெருமாயி திடுக்கிட்டுக் கட்டில் பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இங்கன வேண்டாம் தம்பி. கொல்லைப்பக்கம் வாங்க, தாரேன்" என்றாள்.

சோலைராஜுக்குச் சுரீர் என்றது. ஃபிரிட்ஜைத் தொடலாம், அலமாரியைத் தொடலாம், வீட்டுக்குள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கூடாது. அவன் அப்பா வாசலில் நின்று கைகுவித்துக் குடித்த காலமெல்லாம் மலையேறிவிட்டது என்று நினைத்திருந்தான்.

மாட்டுக்கொட்டகைப் பக்கம் நிற்க வைத்து ஒரு செம்பு நிறையக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லத் தாகம் விடவில்லை. அண்ணாந்து, மார்பெல்லாம் நனையக் குடித்தான். செம்பைக் கீழே வைத்த பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏன்க்கா, நான் உள்ள வச்சிக் குடிச்சா வீடு தீட்டாயிருமோ?"

"ஐயையோ, அப்படியா நெனைச்சிட்டீங்க?" பெருமாயி பதறிப்போனாள். "அந்த வீட்டுக்குள்ள யாருமே தண்ணி குடிக்க மாட்டோம் தம்பி. நானே இங்கன வந்துதான் குடிக்குதேன்."

"ஏன்?"

"அவியளுக்குக் கிட்னி ரெண்டும் போயிட்டு. டயாலிசிஸ்லதான் ஓடுது. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஐஸா வாயில போட்டு அடக்குனா தாகம் கொஞ்சம் தாங்குமாம்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மழையில்லாத வருசத்துலகூட ஊருக்கே நம்ம கெணத்துல எறைச்சுக்கிடச் சொன்ன மனுசன், ஒவ்வொரு வாய்க்கும் எங்கிட்ட கையேந்துதாவ. இனிமேயாவது கேக்காம, அவியளே போயி எடுத்துக்கிடட்டும்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏட்டி, ஐஸ் விழுந்துச்சா?"

டூல்ஸ் பையை எடுக்க உள்ளே போகுமுன், சோலைராஜ் சட்டையை உதறிவிட்டு, ஈர மீசையைக் கைக்குட்டையால் இரண்டு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.