கரையேறும் மீன்

தொழிற்சாலை மூடிய பிறகு தனசீலன் எட்டு மாதமாக ஒரு பழைய ஜப்பானிய வீடியோ கேமில் மீனாக நீந்திக்கொண்டிருந்தான். சின்ன மீன்களைத் தின்று வளர்ந்து, காலும் நுரையீரலும் பெற்று, கடைசியில் மனிதனாவதுதான் விளையாட்டு. கரையோரம் வந்ததும் திரை ஜப்பானிய மொழியில் ஏதோ கேட்கும். இரண்டு பதில்கள் இருக்கும். அவன் எப்போதும் மேலே இருப்பதை அழுத்துவான். மீன் ஆழத்துக்குத் திரும்பிவிடும்.

தன் அண்ணன் பார்த்துச் சொன்ன காவலாளி வேலைக்கு இன்றாவது அவன் போனானா என்று கேட்கத்தான் காந்திமதி வந்தாள். ஜவுளிக்கடையில் பகலெல்லாம் நின்றுவிட்டு வந்திருந்தாள். கேட்காமல், புருஷன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னுமா மீனு?"

ஜாய்ஸ்டிக்கை வாங்கி, கீழே இருந்த பதிலை அழுத்தினாள். மீனுக்குக் கால் முளைத்தது. தள்ளாடித் தள்ளாடி மணலில் ஏறி நின்றது.

"இவ்வளவுதானா? இது உங்களுக்குத் தெரியாதா?"

"மொத வாரமே தெரியும்," என்றான். "மேல ஏறிட்டா நடக்கணுமே, காந்தி."

அவளுக்குக் கோபம் வரவில்லை. வீங்கிய கால்களை நீட்டிச் சுவரில் சாய்ந்து, வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைத் திரும்பத் தண்ணிக்குள்ள விட முடியுமாங்க?" என்று கேட்டாள்.