பதினோராவது முட்டை

செவலைக் கோழி பதினோரு முட்டைகளின் மேல் அடை படுத்திருந்தாள். “பதினொண்ணையும் கூட்டிக்கிட்டுத்தான் இந்தக் கூடையை விட்டு இறங்குவேன்” என்று முதல் நாளே பக்கத்துக் கருப்பிக் கோழியிடம் சொல்லிவிட்டாள்.

இருபத்தோராம் நாள் பத்துக் குஞ்சுகள் பொரிந்தன. ஒரு முட்டை மட்டும் அப்படியே கிடந்தது.

“அக்கா, பசியில கத்துதுங்க. இறங்கி வாயேன்” என்றாள் கருப்பி.

“இன்னும் ஒண்ணே ஒண்ணுதாண்டி. அதுவரைக்கும் நீ கொஞ்சம் பார்த்துக்கோ.”

கருப்பிதான் குஞ்சுகளுக்குக் குப்பையைக் கிளறவும் கொத்தித் தின்னவும் சொல்லிக்கொடுத்தாள். அந்தச் சத்தம் கூடை வரைக்கும் கேட்கும். நாளைக்குப் போய்ப் பார்த்துக்கலாம் என்று செவலை முட்டையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொள்வாள்.

“அக்கா, அது கூமுட்டை. நாத்தம் இங்க வரைக்கும் வருது.”

“ஒண்ணுகூடப் பொரிக்காதவளுக்கு என்ன தெரியும்?”

கருப்பி அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இன்னும் பத்து நாள் போனது. முட்டை தானாகவே வெடித்து, அழுகல் நீர் வழிந்தது. செவலை தள்ளாடி இறங்கி முற்றத்துக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்துப் பருந்தின் நிழல் தரையில் ஓடியது. பதறிப்போய் இரண்டு சிறகையும் விரித்து, “ஓடி வாங்க கண்ணுங்களா” என்று கூப்பிட்டாள்.

பத்தும் ஓடி வந்தன. அவளைத் தாண்டிப் போய்க் கருப்பியின் சிறகுக்குள் புகுந்துகொண்டன.

பருந்து போன பிறகு ஒரு குஞ்சு தலையை நீட்டி, “யாரும்மா அது?” என்று கருப்பியைக் கேட்டது.

கருப்பி செவலையைப் பார்த்தாள். செவலை விரித்த சிறகை மெல்ல மடக்கிக்கொண்டாள்.

“பெரியம்மா, கண்ணு” என்று அவளே சொன்னாள்.